காரணத்துக்குக் கட்டம் இல்லை

ஒன்பது நாற்பத்தைந்து ஆகிவிட்டது, ஞானசிகாமணி சார் வரவில்லை. ஸ்ட்ராங் ரூம் கதவுக்கு முன்னால் செண்பகவடிவு தன் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்பது நாற்பத்தைந்துக்கு இரண்டு சாவியும் அங்கே வந்துவிட வேண்டும். ஒன்று தலைமைக் காசாளரான அவளிடம், மற்றது அக்கவுண்டன்ட் ஞானசிகாமணியிடம். அவள் சாவி திரும்பினால்தான் அவர் சாவி திரும்பும். ஒருத்தரே இரண்டையும் தொடக் கூடாது என்பது வங்கியின் விதி. உள்ளே இந்தப் பெரிய கதவு திறக்காமல் வெளியே ஷட்டரைத் தூக்கக் கூடாது என்பது சங்கரன்கோவில் கிளையின் வழக்கம். முதல் மேனேஜர் வைத்துவிட்டுப் போனது, நாற்பத்தாறு வருஷமாக யாரும் மாற்றவில்லை. இந்த நாற்பத்தாறு வருஷத்தில் ஷட்டர் பத்து மணிக்குப் பிறகு ஏறியதும் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் முழங்கால் தண்ணீரில் நின்று திறந்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தெருவே அடைத்துக் கிடந்தபோது அடுத்த வீட்டு மாடி வழியாக இறங்கி வந்து திறந்தார்கள். அப்போது அவளும்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டினாள், இந்தச் சாவி இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. கதவின் எஃகு முகத்தில் இப்போது அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது, நெற்றிப்பொட்டு மட்டும் தெளிவாக. இந்தக் கதவு பம்பாயிலிருந்து கூட்ஸ் வண்டியில் வந்ததாம். கதவை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் சுற்றிச் சுவரே எழுப்பினார்களாம். கட்டடத்துக்குக் கதவு இல்லை, கதவுக்குத்தான் கட்டடம் என்று அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது? ஞானசிகாமணிதான். அப்போது அவருக்குத் தலை நிறைய முடி. அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேசாமல் பதினோரு மாதம் ஆகிறது. சரியாகச் சொன்னால் ஒரு சொல் பேசியிருக்கிறார்கள், அது சொல்லா என்று தெரியாது. அவள் தன் சாவியைத் திருப்பிவிட்டு 'ம்' என்பாள். அவர் தன் சாவியைத் திருப்பிவிட்டு 'ம்' என்பார். கதவு திறக்கும். சாயங்காலம் மூடும்போது திரும்ப ஒரு 'ம்', ஒரு 'ம்'. ஒரு நாளைக்கு நான்கு 'ம்'. மற்றதெல்லாம் காகிதத்தில் போகும், அல்லது காவலாளி ஆண்டியப்பன் வாயால் போகும். பட்டாளத்தில் இருந்து வந்தவர் ஆண்டியப்பன். இரண்டு நாட்டு எல்லையில் நின்ற மாதிரியே இங்கேயும் நிக்கேன் மேடம், சம்பளம்தான் கொஞ்சம் கூட என்று ஒருநாள் அவளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். ஊருக்கு இது தெரியாது. தறிக்காரர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் நகைக்கடனுக்கு வருகிற பெண்களுக்கும் தெரியாது. கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வங்கி என்பது ஒரே ஆள். அந்த ஒரே ஆள் தனக்குள்ளேயே பேசாமல் இருக்கிறான் என்பது வெளியே தெரியாதபடி பதினோரு மாதம் நடத்தியிருக்கிறோமே, அதுவும் ஒரு திறமைதான். மெட்ராஸ் பயிற்சிக் கல்லூரியில் முதல் நாள் வகுப்பெடுத்தவர் வங்கியின் கதையைச் சொன்னார். ஒரு துறைமுக ஊரில் ஒரு மேஜை, ஒரு இரும்புப் பெட்டி, நாலு வியாபாரிகள். அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அரசாங்க வங்கி. மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதே ஆட்கள்தான், ஆனால் வாசலில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள் என்றார் அவர். செருப்பில்லாதவன் உள்ளே வந்தான் அம்மா, அதுதான் நம்ம வங்கியின் சரித்திரம் என்றார். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தேர்வில் அது வரவில்லை.

ஒன்பது நாற்பத்தெட்டு. மேனேஜர் ஸ்ரீகர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விசாகப்பட்டினத்துப் பையன், முப்பது வயது இருக்காது. வங்கிப் படிவங்களைப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டதால் எல்லோரையும் தாங்கள் என்பார். டீ கொண்டுவருகிறவரிடம்கூட, தங்களுக்குச் சேர வேண்டிய தொகை என்று ஆரம்பிப்பார். அவர் அருகில் வந்து, தாங்கள் அவரைத் தொடர்புகொண்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். மண்டல அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடலாமா என்றார். தெரிவித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மாற்றுச் சாவி தென்காசிக் கிளையில் இருக்கிறது. எழுதி வாங்கி, இரண்டு பேர் காரில் கொண்டுவர பதினொன்றரை ஆகும். அது ஒன்று. இன்னொன்று, மண்டல அலுவலகம் சும்மா சாவியைக் கொடுக்காது. யாரால், எதனால் என்று கேட்டு ஒரு காகிதம் வரும். அந்தக் காகிதம் ஞானசிகாமணியின் கோப்புக்குள் போய் உட்காரும். அவருக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம். முப்பத்தெட்டு வருஷக் கோப்பில் ஒரு கறை கிடையாது என்று அவரே சொல்ல மாட்டார், ஆனால் நடக்கிற நடையில் அது இருக்கும். செண்பகவடிவு தன் குரல் வருவதைக் கேட்டாள். "ஐம்பத்தஞ்சு வரைக்கும் பொறுங்க சார். அவரு வந்துருவாரு. சாவி அவர்கிட்டதானே இருக்கு." சாவி இருக்கிறது என்பதும் ஆள் வருவார் என்பதும் ஒன்றுதான் என்பது போலச் சொன்னாள். மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் ஏன் அவருக்காகப் பேசினேன் என்று உடனே தோன்றியது. அவருக்காக இல்லை. பத்து மணிக்காக. பத்து மணிக்காகத்தான் என்று இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டபோது அது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

ஷட்டருக்கு வெளியே ஆடிக்காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. காற்றுக்குள் மனிதக் குரல்கள். இன்றைக்கு மாதத்தின் முதல் வேலை நாள், பென்ஷன் கூட்டம். முன்னால் நிற்பவர் யார் என்று பார்க்காமலே சொல்லலாம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கம், கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷட்டர் ஏறும்போது அவர் 'ரைட் டைம்' என்பார். ஒவ்வொரு மாதமும் சொல்வார். ஏ.டி.எம். அட்டை கொடுத்தும் வாங்கவில்லை, மெஷின் எப்பவும் திறந்துதான் கிடக்குது, அதுல என்ன மதிப்பு இருக்கு என்று கேட்டவர். அவளுக்கு அது புரிந்தது. எப்போதும் திறந்திருப்பது திறப்பதே இல்லை. மூடியிருந்து, சொன்ன நேரத்துக்குத் திறக்கிறதே, அதுதான் வார்த்தை தவறாமை. பலகையில் எழுதியிருக்கிறது, வேலை நேரம் பத்து முதல் நான்கு வரை. அதை எழுதிய பெயின்டர் இறந்துபோய்விட்டார், எழுத்து இருக்கிறது. கைகளைப் பார்த்தாள். சாவி உள்ளங்கையில் பதிந்து பல் பல்லாகத் தடம் விழுந்திருந்தது. ஒன்பது வருஷமாகத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற சாவி. அவள் வீட்டுக்காரர் அதை உன் மூத்த புருஷன் என்பார். கல்யாண வீட்டுக்குப் போகும்போது, மூத்தவர் வாராரா என்று கேட்பார். அந்தக் கேலியை அவர் இப்போது செய்வதில்லை. எப்போதிலிருந்து? போன ஆவணியிலிருந்து.

சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். ஒன்பது ஐம்பத்திரண்டு. அவளுடைய நேரம் அது. போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்து குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ பிடித்து, பக்கத்து வீட்டு அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கும்போது மணி ஒன்பதரை. ஸ்ட்ரெச்சர் ஒரு கதவுக்குள் போனது. அந்தக் கதவு மூடியது. அவள் இடுப்பில் இன்னொரு கதவின் சாவி. அண்ணாச்சியிடம், அஞ்சு நிமிஷத்துல வந்துருதேன் என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் வங்கிக்கு வந்தாள். சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப முடியாது. கொடுக்க வேண்டுமென்றால் எழுதி, இருவர் கையெழுத்திட்டு, நேரம் போட்டுக் கொடுக்க வேண்டும். வந்தாள், திருப்பினாள், கதவு திறந்தது, ஷட்டர் பத்துக்கு ஏறியது, சாவியை முறைப்படி ஒப்படைத்துவிட்டுத் திரும்ப ஆட்டோவில் ஏறினாள். அஞ்சு நிமிஷம் என்றது ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷத்தில் அவர் போயிருந்தால்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் நினைப்பு தறியில் நூல் அறுந்த மாதிரி நின்றுவிடும். போகவில்லை. நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கப் போகிறார், உப்பில்லாத தோசையைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். ஆனால் அவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, பேங்க் திறந்துட்டா என்பதுதான். கேலியாகக் கேட்டாரா, கவலையாகக் கேட்டாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. திறந்தாச்சு என்றாள். அதைச் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்ததற்காக அந்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. இரண்டும் உண்மைதான்.

மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது சாவிப் பதிவேட்டைத் திறந்தாள். தேதி, சாவி எண், நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக, நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சிவப்பு மை. 9.52, தாமதம். கீழே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. ஞானசிகாமணியின் அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதற்குள் அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது, கிளைக்கே தெரிந்திருந்தது. காரணத்தை எழுதியிருக்கலாமே சார் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நேரத்துக்குத்தான் கட்டம் இருக்கு மேடம். காரணத்துக்குக் கட்டம் இல்ல." அவ்வளவுதான். அதற்குப் பிறகு 'ம்'. ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். காரணத்துக்குக் கட்டம் இல்லை. காய் நறுக்கும்போது அந்த வாக்கியம் வரும். பஸ்ஸில் வரும். கோமதியம்மன் சன்னதியில் கண்ணை மூடினால் வரும். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவர் சண்டை போடவில்லை, விதியைச் சொன்னார். அந்த விதியை அவளும்தான் நம்புகிறாள். அதனால்தானே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பி வந்தாள். அவர் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் 9.52 என்றுதான் எழுதியிருப்பாள். ஆனால் நீல மையில். இல்லை, தெரியாது. நீல மையில்தானா என்பது தெரியாது.

இப்போது ஒன்பது ஐம்பத்து மூன்று. அவளைவிட அவர் ஒரு நிமிஷம் பிந்திவிட்டார். அது நினைவுக்கு வந்தபோது நாக்கின் அடியில் ஏதோ இனித்தது. பதிவேடு மேஜைமேல் இருக்கிறது, சிவப்புப் பேனா அதன் பக்கத்திலேயே இருக்கிறது, இன்றைக்கு அவருக்கு நேராகத் தாமதம் என்று எழுத அவளால் முடியும். ஸ்கேலும் இருக்கிறது. கோடு நேராக இழுக்க அவளுக்கும் தெரியும். இந்த இனிப்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஞானசிகாமணி தனியாக இருக்கிறார். மனைவி இறந்து மூன்று வருஷம், மகள் பெங்களூரில். சர்க்கரை உண்டு. காலையில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துவிடுவார் என்று அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்கள். பூட்டிய வீட்டுக்குள் ஒரு மனுஷர் விழுந்து கிடந்தால் எத்தனை மணிக்கு யாருக்குத் தெரியும்? பத்து மணிக்குத் தெரியும். ஷட்டர் ஏறாவிட்டால்தான் தெரியும். சாவி வைத்திருப்பவன் செத்தால் ஊருக்கே தெரியும் என்று அவரே எப்போதோ சிரித்துக்கொண்டு சொன்னது, பேசிக்கொண்டிருந்த காலத்தில். அவள் கைபேசியை எடுத்தாள். பெயர்ப் பட்டியலில் அவர் 'சாவி 2' என்று இருந்தார். விரல் அதன்மேல் நின்றது. பதினோரு மாதம். முதலில் கூப்பிடுகிறவள் நானா? இன்னொரு மூளை, இன்னும் வேகமாக, விழுந்து கிடந்தால் ஃபோனை எப்படி எடுப்பார் என்றது. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார், கையில் அவரும் ஃபோன். அவள் அழுத்தினாள்.

மணி அடித்தது. காதுக்குள் ஒரு மணி, அதோடு கொஞ்சம் பிந்தி இன்னொரு மணி. மாதா கோவில் மணி. ஞானசிகாமணியின் கைபேசி அப்படித்தான் அடிக்கும், கிளை முழுக்கத் தெரியும். அந்த மணிச்சத்தம் ஊழியர்கள் வருகிற பக்கவாசல் சந்துக்குள்ளிருந்து வந்தது, நெருங்கி வந்தது. ஆண்டியப்பன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஞானசிகாமணி உள்ளே வந்தார். சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண், கண்ணாடியில் ஒரு வில்லை இல்லை. வலது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தது, அதற்குக் கீழே கை மூங்கில் முளைபோல வீங்கியிருந்தது. ஆடு குறுக்கே வந்துவிட்டது, வண்டி சரிந்துவிட்டது என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். உட்காருங்கள் என்று மேனேஜர் நாற்காலியை இழுத்தார். அவர் உட்காரவில்லை. ஒன்பது ஐம்பத்தேழு. கதவுக்கு முன்னால் அவள் பக்கத்தில் வந்து வழக்கமான இடத்தில் நின்றார். மண் வாசனையும் வேர்வையும் அடித்தது. அவள் சாவியைப் போட்டாள், திருப்பினாள்.

"ம்."

அவர் இடது கையால் தன் சாவியை நுழைத்தார். அந்தப் பூட்டு முரடு. வலது கையால்கூட அழுத்திப் பிடித்துத்தான் இரண்டரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். சாவி கால் சுற்றுப் போய் நின்றது. மறுபடி முயன்றார், விரல் வழுக்கியது. சாவியை அவளிடம் கொடுத்தால் ஒரு வினாடி வேலை. கொடுக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும், கேட்க மாட்டாள் என்று அவருக்கும் தெரியும். கூரையில் காமிரா பார்த்துக்கொண்டிருந்தது, காமிரா இல்லாவிட்டாலும் அப்படித்தான். அவர் அவள் பக்கம் திரும்பினார். "திரும்ப மாட்டேங்குது மேடம்" என்றார். பதினோரு மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வாக்கியம். அவள் யோசிக்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை அதை யோசித்தாள், ஆனால் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. அவருடைய இடது கையின்மேல் தன் வலது கையை வைத்து மூடிப் பிடித்தாள். "கையை எடுத்துராதீங்க சார். சாவி உங்க கையிலதான் இருக்கணும்." அவர் விரல்களுக்குள் சாவி, அவள் விரல்களுக்குள் அவர் விரல்கள். கை காய்ந்த ரொட்டி மாதிரி சொரசொரப்பாக, சூடாக இருந்தது. ஒரு சுற்று. இரண்டு. அரைச் சுற்றில் உள்ளே எங்கோ இரும்பு இரும்பை விட்டு விலகுகிற சத்தம் கேட்டது.

"ம்" என்றார் அவர், வலியோடு.

கதவு திறந்த சத்தத்துக்காகவே காத்திருந்த ஆண்டியப்பன் ஷட்டரை ஒரே இழுப்பில் தூக்கினார். வெயிலும் புழுதியும் ஆட்களுமாகக் காற்று உள்ளே வந்தது. செண்பகவடிவு திரும்பிப் பார்க்கவில்லை. சங்கரலிங்கத்தின் குரல் வந்தது. "ரைட் டைம்." முதுகுத்தண்டு வழியாக அந்தக் குரல் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இப்படியா வருவீங்க என்று ஆண்டியப்பன் ஞானசிகாமணியைக் கடிந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி எந்நேரமும் திறந்துதானே கிடக்குது என்று அவர் சொன்னது கேட்டது. பணப்பெட்டியை வண்டியில் வைத்துக் கவுண்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரும் இதைத்தான் சொன்னார்.

முதல் பத்து டோக்கன் போன பிறகு அவர் கவுண்டருக்குள் வந்தார், பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஆட்டோ வாசலில் நிற்கிறது, மேனேஜரே கூட வருகிறார் என்றார். பிறகு பதிவேட்டை அவள் முன்னால் வைத்து, என்னால எழுத முடியாது, நீங்களே எழுதிருங்க, சிவப்புல எழுதுங்க என்றார். கெஞ்சவில்லை. கட்டளையாகத்தான் சொன்னார். அவள் நீலப் பேனாவை எடுத்தாள். தேதி, எண், 9.57. நேரத்தை மாற்றவில்லை. ஒரு நிமிஷம்கூட மாற்றவில்லை. பிறகு ஸ்கேலை வைத்துப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள், தலையில் 'காரணம்' என்று எழுதினாள். அதற்குக் கீழே, வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் அடி, நேராகக் கிளைக்கு வந்தார் என்று எழுதி அவர் பக்கம் திருப்பினாள். அவர் ஒற்றை வில்லைக் கண்ணாடியால் அதை வெகுநேரம் படித்தார். இவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு இடது கையால் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். எங்கே போகிறார் என்று அவளுக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்கேலைக் கேட்டார். கொடுத்தாள், ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். கோடு கோணலாக வந்தது. காரணம். அச்சடித்த மாதிரி எழுதுகிறவரின் இடது கை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில், சிவப்புக் கோட்டுக்கு நேராக எழுதியது. கணவர் ஆஸ்பத்திரியில். அங்கிருந்து நேராகக் கிளைக்கு வந்தார். இன்றைய தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார். அதுவும் ஒரு புழு நெளிந்த மாதிரி விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினோராம் டோக்கன் காத்திருந்தது. அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்தச் சுருக்கொப்பத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கையெழுத்தோட ஒரு செக் வந்தா நான் பணம் கொடுக்க மாட்டேன் சார்" என்றாள்.

"ம்" என்றார் ஞானசிகாமணி. வழக்கத்தைவிட அது கொஞ்சம் நீளமாக இருந்தது.